இரண்டு பக்கமும் சிங்கம்

சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம்,
சென்னை-28.
12 ஜூன் 2025, வியாழன்.

ஏஞ்சல் அப்பாவுக்கு,

டயானா எழுதுகிறேன். நானும் ஏஞ்சலும் சுகம். நீங்களும் சோஹார் வெயிலில் தலையில் துண்டில்லாமல் அலையாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் காசைப் பற்றி ஆரம்பித்தாலே ஏஞ்சல் படிக்கிறாளா என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் அது முடியாது. ஐஸ் ஹவுஸ் யாசிர் சனிக்கிழமை மஸ்கட் கிளம்புகிறான். அவன் பையில் நெத்திலிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கடிதமும் வருகின்றன. கருவாட்டை நாலு கவரில் சுற்றியிருக்கிறேன். அப்படியும் கடிதத்தில் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏஞ்சல் பத்தாவது போக ஆரம்பித்துவிட்டாள். பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். கடையில் பள்ளிக்கூடம் திறந்த கூட்டம். டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ் என்று காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் நாலு பேர் நிற்கிறார்கள். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டு பஸ்ஸைச் சுற்றி விடுவதால், முன்பு பஸ்ஸில் தாண்டிப் போனவர்கள் எல்லாம் இப்போது கச்சேரி ரோட்டில் நம் கடை வாசல் வழியாக நடக்கிறார்கள். நடப்பவர்களுக்கு ஜெராக்ஸ் ஞாபகம் வருகிறது. அதுவரை நமக்கு லாபம்.

இனி விஷயம். தப்புக்காசு தேடும் உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரியில் ஒருநாள் மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. மெஷின் ஓடாமல் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேஜை டிராயரில் நீங்கள் விட்டுப்போன லென்ஸ் கிடந்தது. சில்லறை டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். கரண்ட் வந்ததும் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் வந்து, மேடம் ஃபேன் ஓடுது, ஜெராக்ஸ் ஓடாதா என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன். அதிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் டப்பாவைக் கொட்டிவிடுகிறேன். இப்போது எல்லாரும் இரண்டு ரூபாய்க்குக்கூட போனை நீட்டி ஸ்கேன் பண்ணுகிறார்கள். சில்லறை வருவதே குறைந்துவிட்டது. அதனால், 'சில்லறையாகக் கொடுத்தால் ஒரு பக்கம் இலவசம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஏஞ்சல் அதைப் படித்துவிட்டு, அம்மா, கடை ரொம்ப நாள் தாங்காது என்றாள்.

ஒருநாள் இரண்டு விரல் காட்டும் இரண்டு ரூபாயில் ஒரு விரலைக் காணோம். லென்ஸை எடுத்தேன். அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் தேய்மானம். 'தேய்ஞ்சது வேற, தப்பா அச்சடிச்சது வேற, டயானா' என்று நீங்கள் பின்னால் நின்று சொல்வது மாதிரியே இருந்தது. நீங்கள் சொன்னபோதெல்லாம் நான் காதில் வாங்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை தேசம்மா அக்கா கடைக்கு வந்தாள். லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் விற்கும் அதே தேசம்மா அக்காதான். சங்கத்தில் கொடுப்பதற்கு ரேஷன் கார்டும் பேங்க் புத்தகமும் நகல் எடுத்தாள். பத்து ரூபாய் ஆனது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்தவள், அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இந்தக் காசை ஒருத்தரும் வாங்கமாட்டேன் என்கிறார்களாம். கண்டக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார், டீக்கடைக்காரர் கள்ளக்காசு என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். 'இத்த வெச்சிக்கினு நாலு நாளா அசிங்கப்பட்டுக்கினு கீறேன் டயானா. நீ வாங்கினா வாங்கு, இல்லாங்காட்டி நாளைக்கு வேற தரேன்' என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சிங்கம் சரியாக இருந்தது. திருப்பினால் கதிர் கதிராக 'பத்து' இருக்க வேண்டிய இடத்தில் அதே சிங்கம். ஆனால் உள்வாங்கி, பள்ளமாக, கண்ணாடியில் தெரிவது மாதிரி எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறி.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு தடவை நான் சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவில் காசை அழுத்தி எடுத்து, இந்தப் பள்ளத்தைப் பார், அச்சடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசின் முதுகில் இப்படித்தான் பதியும், லட்சத்தில் ஒன்று, இதற்கு லக்கி என்று பெயர் என்றீர்கள். மாவை வீணாக்கிவிட்டீர்கள் என்று நான் கரண்டியைத் தூக்கினேன். அந்த மாவுதான் அன்றைக்கு என் கண்முன் வந்தது.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். எனக்கு அது என்னவென்று தெரியும். விலை சரியாகத் தெரியாது, ஆனால் ஆயிரக்கணக்கில் போகும் என்று தெரியும். தெரிந்தும், பரவாயில்லை அக்கா, நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி டிராயரில் போட்டுக்கொண்டேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மனம் நிற்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார் பக்கமே நான் திரும்பவில்லை. திங்கள், செவ்வாய் யாருக்கும் சொல்லவில்லை. நேற்று தேசம்மா அக்கா வீடு தேடி வந்து ஒரு பை நிறைய நெத்திலி கொடுத்துவிட்டுப் போனாள். துட்டு வேண்டாம் என்றாள். மார்க்கெட் முழுக்க, டயானா ஒருத்திதான் என்னைக் கள்ளக்காசுக்காரி மாதிரி பார்க்கவில்லை, தங்கமான மனசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நெத்திலியைக் குழம்பு வைத்தேன். ஏஞ்சல் மூன்று தட்டு சாப்பிட்டாள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

நீங்கள் ஏமாந்தபோது நான் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. உங்கள் காசைப் பன்னிரண்டு லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று போனில் சொன்னவன், பதிவுக் கட்டணம், வரி, கூரியர் என்று மூன்று தடவையாக நாற்பத்தாறாயிரம் வாங்கிக்கொண்டு காணாமல் போனான். அன்று என் அண்ணன் எதிரில் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படிப் பேசியவள் இப்போது தெரிந்தே ஒரு மீன்காரியை ஏமாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? வெள்ளிக்கிழமை கேட்கலாம் என்றால் ஏஞ்சல் பக்கத்தில் இருப்பாள்.

24 ஜூன், செவ்வாய்.

கடிதம் இன்னும் இங்கேயே இருக்கிறது. யாசிர் விசாவில் ஏதோ முத்திரை குறைகிறதென்று பயணம் பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. கருவாட்டைத் திரும்ப வாங்கி வெயிலில் காயவைத்தேன். இதற்குள் நடந்தது நிறைய. மேலே கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் யோசிக்க வேண்டாம்.

பதினான்காம் தேதி மார்க்கெட்டுக்குப் போனேன். தேசம்மா அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருக்கும்போது சொல்ல வேண்டாம் என்று கூட்டம் குறையும்வரை நின்றேன். பிறகு காசை எடுத்து அவள் மரப்பலகையில் வைத்து, அக்கா, இது கள்ளக்காசு இல்லை, விலை போகும் காசு, வாங்கும்போதே எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் காசைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். 'அன்னிக்கே தெரியுமா?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 'நெத்திலி எடுத்துக்கினு வந்தேனே, அன்னிக்குமா?' ஆமாம் என்றேன். 'அப்பவும் என் மூஞ்சப் பாத்து சிரிச்சிக்கினு வாங்கினியே' என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளித் தண்ணீரைப் பலகையில் ஊற்றிக் கழுவினாள். என் புடவை நனைந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் அப்படியே நின்றேன்.

கழுவி முடித்ததும், 'இன்னா விலைக்குப் போவும்?' என்று கேட்டாள். பத்தாயிரம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம் என்றேன். பக்கத்துப் பலகைக்காரி வாயைப் பிளந்தாள். தேசம்மா அக்கா அந்த டீக்கடை பக்கம் திரும்பி, அவர் கொடுத்து வைக்காதவர் என்று சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. முழுப் பணமும் உங்களுடையது அக்கா என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. 'நானா இருந்தா கடல்ல வீசிருப்பேன். துட்டு என்து, கண்ணு உன்து. பாதி பாதி. ஆனா நீ விக்கப் போவாத. நான் வரேன்' என்று சொல்லிவிட்டாள்.

தி. நகரில் வருஷாவருஷம் நடக்கும் நாணயக் கண்காட்சி மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே இருந்தது. நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நான் வராத அதே கண்காட்சிதான். தேசம்மா அக்கா மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். கல்யாண மண்டபத்தில் நடக்கிறது என்று சொல்லிவிட்டேன், அதனால் கல்யாணத்துக்குப் போவது மாதிரி வந்தாள். உள்ளே போனால் மேஜை மேஜையாக ஆம்பிளைகள் லென்ஸும் கையுமாகக் குனிந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் பொம்பிளைகள். 'இன்னாம்மே, சாப்பாடு எங்க?' என்று என் காதில் கேட்டாள்.

நேராக, நீங்கள் வாய்க்கு வாய் சொல்லும் ஷரீஃப் பாய் மேஜைக்குப் போனேன். உங்கள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். காசை வாங்கிப் பார்த்தார், எடை போட்டார், விளிம்பைப் பார்த்தார். நடு வட்டத்தைச் சுரண்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பத்து நிமிஷம் பார்த்தார். அசல் லக்கி என்றார். நான் வாங்கினால் பன்னிரண்டாயிரம் தருவேன், ஆனால் நான் வியாபாரி, நீங்கள் சேகரிப்பவர் யாருக்காவது நேரடியாகக் கொடுங்கள், கூட வரும் என்று அவரே சொன்னார்.

அடையாறிலிருந்து வந்திருந்த பத்ரிநாராயணன் என்று ஒரு பெரியவரைக் கூப்பிட்டார். பஞ்சகச்சம், பூணூல் தெரியும் மெல்லிய ஜிப்பா. இருபது வருஷமாகப் பிழை நாணயம் மட்டுமே சேர்க்கிறாராம். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 'எங்காத்துல ஒண்ணு இருக்கு, ஆனா அஞ்சு ரூபா. பத்துல பார்த்ததில்ல' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அது போதாதா தேசம்மா அக்காவுக்கு. காசை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். எவ்வளவு வேணும் என்று அவர் கேட்டார். 'நீ சொல்லு சார், வாங்கறவன்தான் மொதல்ல சொல்லணும்' என்றாள். ஒன்பதாயிரம் என்றார். 'வஞ்சிரத்த எடுத்துக்கினு சங்கரா வெல சொல்றியே சார்' என்று ஒரே போடு போட்டாள். அவர், அம்மா நான் மீன் சாப்பிடறதில்ல என்றார். அதுதான் உனக்கு விலை தெரியவில்லை என்று இவள் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் பதினைந்து என்று குரல் கொடுத்தார். பெரியவர் பதினாறு என்றார். இவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு, நேரமாயிற்று, கடையில் ஐஸ் கரையும் என்று எழுந்து வாசல் வரை நடந்தே விட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஓடினேன். பெரியவர் வேகமாகப் பின்னால் வந்து, 'இருங்கோ, கோச்சுண்டு போகாதேங்கோ' என்று தானே இருபத்தொன்று சொன்னார். பணத்தை வாங்கி, கண்ணில் ஒற்றி, சரிபாதி அந்த இடத்திலேயே என் கையில் வைத்தாள். அவரிடம், காசை நல்லா பாத்துக்க சார் என்று பெண்ணைக் கட்டிக்கொடுப்பவள் மாதிரி சொல்லிவிட்டு வந்தாள்.

பத்ரிநாராயணன் சார் என்னிடம், இத்தனை பேர் கையைத் தாண்டி வந்ததை நீ எப்படிக் கண்டுபிடித்தாய், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் செபஸ்தியான் என்று சத்தமாகச் சொன்னேன். அந்த மேஜையைச் சுற்றி எட்டுப் பத்து பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

அதன் பிறகு ஷரீஃப் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில், செபஸ்தியான் அண்ணன் தன் காசு அவ்வளவையும் என்னிடம் மொத்தமாக விற்றபோது எனக்கே மனசு கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டுக்காரிக்கு ஜெராக்ஸ் மெஷின் வாங்கணும், நான் வெளிநாடு போனால் அவளுக்கு ஒரு பிழைப்பு வேணும் என்றார் என்று சொன்னார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டேன். சிநேகிதன் ஒருவன் கடையை மூடுகிறான், மெஷினைச் சல்லிசாகக் கொடுத்தான் என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? காசு டப்பா எங்கே என்று நான் கேட்டதற்கு, சனியன் ஒழிந்தது, தூக்கிப்போட்டேன் என்றீர்கள். நானும் நல்லதாகப் போயிற்று என்று சொன்னேன்.

அவர் கண்ணாடிப் பெட்டியில் உங்களுடைய காசு ஒன்று இன்னும் விற்காமல் இருக்கிறது. ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்குமே, அந்த இரண்டு ரூபாய். உறையில் உங்கள் கையெழுத்து. விலை கேட்டேன். உங்களுக்கென்றால் வாங்கிய விலைக்கே தருகிறேன் என்றார். கை பணத்தின் மேல் போனது. வாங்கவில்லை. உங்களுக்கு அது வேண்டுமா, அதைவிட நல்லது ஒன்றை நீங்களே தேடி எடுக்க வேண்டுமா என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் பங்குப் பணத்தில் மெஷினுக்கு டிரம் மாற்றினேன். இப்போது கோடு விழாமல் எழுத்து பளிச்சென்று வருகிறது. ஒவ்வொரு நாளும் ஷட்டரைத் திறந்ததும் துணியால் அதை ஒரு தடவை துடைக்கிறேன்.

இப்போது தேசம்மா அக்கா என்னிடம் பழையபடி பேசுகிறாளா என்று கேட்பீர்கள். பேசுகிறாள். ஆனால் மீனை எடை போடும்போது, 'நல்லா பாத்துக்கோ, உனக்குத் தெரியாததா' என்று ஒரு குத்து வைக்காமல் விடுவதில்லை. வாங்கிக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் குத்தட்டும்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று போன வெள்ளிக்கிழமை சொன்னீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். ஏஞ்சல் அப்போது வாயை மூடாமல் இருந்தாள், கம்பியெல்லாம் தெரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நான் சொன்னது வாய்க்கு வந்த பதில். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே இன்னொரு கூத்து. இருபத்தொன்றாயிரம் சேதி லூப் ரோடு முழுக்கப் பரவிவிட்டது. மீன் விற்கும் பெண்கள் எல்லாரும் வீட்டிலிருக்கும் கோணல்மாணல் காசையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். ஒன்று ரயில் ஏறி நசுங்கியது, ஒன்றில் ஆணியால் ஓட்டை, ஒன்று தோசைக்கல்லில் விழுந்து கறுத்தது. அதையெல்லாம் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் சிலது எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. எழுத்து இரட்டையாகத் தெரிகிறது, அது அச்சுப் பிழையா, என் கண் பிழையா? அப்படிப்பட்டதை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் மடித்து, மேலே பெயரெழுதி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு எண்ணினால் நாற்பத்தொரு பொட்டலம். தப்பாகச் சொல்லி இன்னொருத்தி வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அதனால் எல்லாரிடமும், அவர் வந்து பார்த்துச் சொல்வார் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் வரும் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன்.

உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். நாற்பத்தொரு பெண்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மார்க்கெட்டில் நான் ஒரு தடவை பொய்க்காரியாக நின்றது போதும்.

மாதா உங்களை ஒரு குறையுமில்லாமல் காத்து எங்களிடம் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் டயானா.

பி.கு: நாற்பத்தொன்று என்று எழுதினேன். நாற்பத்திரண்டு. கடைசிப் பொட்டலத்தில் என் பெயர் இருக்கிறது.